பொட்டு வைக்காத படம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எந்த விதியையும் மீறிப் படம் போடவில்லை. அப்புறம் ஆளாளுக்கு வந்து, "நீ எதுக்கு அந்தப் படத்தப் போட்ட?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: போட வேண்டிய முறைப்படிதான் போட்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறதென்று அம்மா சொல்வாள். அந்த நாட்களில் அது மூக்கையும் தாண்டிவிட்டது.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் ஒரு போட்டோ கடையில் எனக்கு வேலை. பாஸ்போர்ட் படம் எடுப்பேன், கல்யாண அட்டை அடிப்பேன், செத்தவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் செய்து கொடுப்பேன். வீடு டிக்கோயாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. கடையிலிருந்து வந்ததும் வரைய உட்கார்ந்துவிடுவேன். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. பேஸ்புக்கில் ஓவியம் வரைகிறவர்களின் குழு ஒன்று இருக்கிறது. தமிழ் தெரிந்தவர்கள் எங்கெங்கோ இருந்து அதில் சேர்ந்திருக்கிறார்கள். அதுதான் எனக்குப் பள்ளிக்கூடம்.

அந்தக் குழுவில் முடித்த படத்துக்கு அவ்வளவு மரியாதை இல்லை. 'அருமை' என்று ஒரு சொல், ஒரு பூ, அத்தோடு போய்விடுவார்கள். பாதியில் நிற்கிற படத்தைப் போட்டால்தான் கூடி உட்கார்ந்து பேசுவார்கள். ஆனால் அதற்குச் சட்டம் கொஞ்சநஞ்சமில்லை. முதல் வரியிலேயே 'வேலை நடக்கிறது' என்று எழுத வேண்டும். 'எப்படி இருக்கிறது?' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்கக் கூடாது. மூக்கா, நிழலா, எதில் சந்தேகமோ அதைக் கேட்க வேண்டும். வரையப்படுகிறவர் சம்மதிக்க வேண்டும். ஆனால் அவர் யார், அவருக்கு என்ன கஷ்டம் என்று கதை அளக்கக் கூடாது. பரிதாபத்தைக் காட்டி லைக் வாங்குவது ஓவியமில்லையாம். அடுத்தவர் படத்தின் மேல் கேட்காமல் கோடு போட்டுத் திருத்திக் காட்டுவதும் ஆகாது. இதெல்லாம் போக, நாலு பேர் நேரம் செலவழித்துக் கருத்து எழுதிய பிறகு பதிவை அழிக்கவே கூடாது.

இந்தச் சட்டங்களைக் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் காத்தவர் யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர். வெளிநாட்டில் இருந்தார். நான் சேர்ந்த புதிதில், கதை சொன்னால் என்ன குடி முழுகிவிடுமா என்று அவரோடு சண்டை பிடித்தேன். "கதை சொன்னா ஆக்கள் படத்தைப் பாக்க மாட்டினம், கதையைத்தான் பாப்பினம்" என்று எழுதினார். யோசித்தால் அது சரியாகத்தான் பட்டது. அதிலும் ஒரு கோபம்.

அப்போது நான் வரைந்துகொண்டிருந்தது என் அக்காவை. அவள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். போகும்போது அவள் மகள் நடக்கக்கூடப் பழகியிருக்கவில்லை. "நா வர்ற வரைக்கும் என் மூஞ்சிய பெருசா வரைஞ்சு செவத்துல மாட்டு தங்கச்சி. புள்ள என்னைய மறந்துறப் போகுது" என்று அவளேதான் கேட்டாள். போட்டோவைப் பெரிதாக்கி மாட்டினால் போதாதா என்றேன். "ஒங்க கடையில பெருசாக்குற போட்டோவெல்லாம் செத்தவங்க போட்டோடி. எனக்கு வேணாம்" என்றாள்.

அக்கா முகத்தில் முதலில் தெரிவது பொட்டுதான். ஊரில் இருந்தவரை ஸ்டிக்கரைத் தொடமாட்டாள். சாந்தை எடுத்து, கண்ணாடி முன்னால் நின்று, வட்டம் சரியாக வரும்வரை துடைத்துத் துடைத்து வைப்பாள். கொழுந்து பறித்த காலத்தில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு இவளால் மச்சானும் பிந்துவார். மச்சான் என்றால் அக்கா புருஷன். தோட்டத்தில் கங்காணி ஆட்களை வேலை வாங்குவதுபோல், வீட்டில் அதிகாரம் அக்காவுடையது. அதனால் வாசலில் நின்றுகொண்டு, வெளியே கேட்காத மாதிரி மெதுவாக, "கங்காணியம்மா, பெரட்டு கலையப் போகுது. பொட்டு வச்சு முடிஞ்சிச்சா?" என்பார். அடுத்தவர் காதில் விழ ஒருநாளும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஒரே வீட்டில் இருந்ததால் எனக்குத் தெரியும்.

அந்தப் பொட்டைத்தான் படத்தில் கடைசிக்கு வைத்திருந்தேன். தண்ணீரில் கரைத்துப் பூசுகிற வண்ணத்தில் சிவப்பு பொல்லாதது. முதலில் வைத்துவிட்டால், முகத்துக்கு நிறம் பூசும்போது ஈரத்தில் கரைந்து நெற்றி முழுக்க ஓடிவிடும். ஆகவே கண், மூக்கு, வாய், சேலை எல்லாம் முடிந்து நன்றாகக் காய்ந்த பிறகுதான் சிவப்பைத் தொட வேண்டும். முகம் முக்கால்வாசி வந்ததும் குழுவில் போட்டேன். 'வேலை நடக்கிறது. மூக்கின் இடப்பக்க நிழல் சரியா?' அவ்வளவுதான் எழுதினேன். மூக்கைப் பற்றி நிறையப் பேர் பேசினார்கள். டீச்சரும் வந்து, "நிழல் கனத்துப் போச்சு, தண்ணி தொட்டு எடுங்கோ" என்றார். நெற்றியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் வரைகிறவர்கள், எது எப்போது வரும் என்று தெரிந்தவர்கள். அக்காவும் அந்தக் குழுவில் இருந்தாள், என் படங்களுக்குப் பூப் போடுவதற்காகவே சேர்ந்தவள். ஆனால் வெள்ளிக்கிழமைகளில்தான் அவளுக்கு அதையெல்லாம் பார்க்க நேரம் கிடைக்கும். இந்தப் படத்தை அவள் இன்னும் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் மச்சானைக் குளவி கொட்டியது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போன மலையில், ஒரு செடிக்குள் கூடு இருந்திருக்கிறது. கத்தி பட்டதும் மொத்தமும் கிளம்பிவிட்டது. கூட வெட்டியவர்கள் ஓடித் தப்பினார்கள். மச்சான் கால் இடறி, தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்துவிட்டார். லொறியில் போட்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கடையிலிருந்து நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கட்டிலில் கிடந்தவரை எனக்கே அடையாளம் தெரியவில்லை. கண் இரண்டும் மூடி, உதடு தடித்து, முகம் பலாப்பழம் மாதிரி வீங்கியிருந்தது. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இன்றைக்குப் பொழுது போகட்டும், பிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

"அவளுக்கு இப்ப சொல்ல வேணாம்" என்றாள் அம்மா. "அங்க தனியா கெடந்து துடிச்சிருவா. கொஞ்சம் தேறட்டும்."

"மறைச்சா பெருசாப் போயிரும்மா."

"நீ வாய வச்சுக்கிட்டு சும்மா இரு."

சும்மா இருந்தேன். அம்மா சொல்லி நான் வாயை மூடிக்கொண்டது என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். அதுவா இப்படி வந்து முடிய வேண்டும்?

விடிந்ததும் மச்சானுக்கு மூச்சு சீராகிவிட்டது என்று தகவல் வந்தது. அந்தத் தைரியத்தில் கடைக்குப் போனேன். ஒருவருக்குப் பாஸ்போர்ட் படம் வெட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் தோட்டத்து வாட்ஸ்அப் குழு விடாமல் மணியடித்தது. எடுத்துப் பார்த்தால் நான் வரைந்த அக்கா. யாரோ என் பதிவைப் படம்பிடித்து, 'வேலை நடக்கிறது' என்ற வரியை வெட்டிவிட்டு, வெறும் முகத்தை மட்டும் போட்டிருக்கிறார்கள். கீழே ஒரு கும்பிடு. அதற்குக் கீழே, 'பாவம் இந்தப் புள்ள, இந்த வயசுல.' பிறகு வரிசையாகக் கும்பிடு, விளக்கு, 'ஆழ்ந்த அனுதாபங்கள்.'

எனக்கு முதலில் விளங்கவில்லை. அக்காவுக்கு எதற்கு அனுதாபம்? பிறகுதான் அந்தப் படத்தை ஊர்க் கண்ணால் பார்த்தேன். கல்யாணமான பொம்பளை, வெறும் நெற்றி. புருஷனைக் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் போட்டிருப்பது தோட்டம் முழுக்கத் தெரியும். படத்தைச் செய்தவளோ அஞ்சலி நோட்டீஸ் அடிக்கிறவள். வேறென்ன நினைப்பார்கள்? அடப்பாவிகளா, மச்சானை உயிரோடு கொன்று, அக்காவைத் தாலியறுத்தவளாக்கிவிட்டார்கள்!

"யாருங்க இதப் போட்டது? அவரு உசுரோட இருக்காரு! என்னா ஏதுன்னு கேக்காம கும்பிடு போடுறீங்களே, ஒங்களுக்கெல்லாம் வேற வேல இல்லையா?" என்று குரல் பதிவு போட்டேன். நான் கத்திய கத்தலில் பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஆள் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் எங்கள் லயத்துப் பெண் ஒருத்தி பதில் போட்டாள்.

"கோவப்படாதீங்க. நாங்க நெசம்னு நெனச்சிட்டோம். குவைத்துல இருக்குற எங்க சின்னம்மாவுக்கும் அனுப்பிட்டேன். அவங்க ஒங்க அக்காவுக்குச் சொல்லிருப்பாங்க."

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்பார்கள். இது கடல் தாண்டிப் போன வாய். அக்கா கண்ணில் படுவதற்குள் அந்தப் படத்தை இல்லாமல் பண்ணிவிட வேண்டும், அது ஒன்றுதான் தோன்றியது. ஓவியக் குழுவுக்குள் போய், விதியாவது மண்ணாவது என்று பதிவை அழித்தேன். பதறாத காரியம் சிதறாது. நான் பதறினேன்.

அழித்த சூட்டோடு அக்காவின் குரல் பதிவு வந்தது. அழுது ஓய்ந்த குரல்.

"தங்கச்சி, நம்ம லயத்துப் புள்ளயோட சின்னம்மா படத்த அனுப்புனாங்க. நா நம்பல. நீதான வரைஞ்ச, ஒன் குழுவுல போய்ப் பாத்தா தெரிஞ்சிரும்னு போனேன். அங்க ஒண்ணுமே இல்ல. ஏன்டி அழிச்ச? எனக்குத் தெரியக் கூடாதுன்னுதான அழிச்ச? அவரு போயிட்டது தோட்டத்துக்கே தெரியுது, எனக்கு மட்டும் தெரியக் கூடாதா? நா வர்றேன். மேடம் பாஸ்போட்ட தர மாட்டேங்குறாங்க. தராட்டி போகட்டும், நா வெளிய எறங்கி நடக்கப் போறேன். அவரு மூஞ்சியையாவது நா பாக்கணும்."

உடனே அவளுக்குக் கோல் எடுத்தேன். அவள் போன் அணைந்து கிடந்தது.

பாஸ்போர்ட் இல்லாமல் அந்த வீட்டை விட்டு இறங்கினால் என்ன ஆகுமென்று வெளிநாட்டுக்குப் பெண்ணை அனுப்பிய எல்லா வீட்டுக்கும் தெரியும். போலீஸ் பிடிக்கும். ஓடிப்போனவள் என்று உள்ளே போட்டுவிட்டால் எப்போது வருவாள், எப்படி வருவாள் என்று சொல்ல ஆளில்லை. புருஷன் பிழைத்துக் கிடக்கிறார். அவர் செத்துப்போனார் என்று நம்பி என் அக்கா ரோட்டில் இறங்கப் போகிறாள். நான் பொட்டு வைக்காததாலா, படத்தை அழித்ததாலா, அம்மா மறைத்ததாலா? யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை.

'மச்சான் உசுரோட இருக்காரு' என்று எழுதி அனுப்பினேன். ஒற்றை டிக் விழுந்தது. இரண்டாவது விழவில்லை. விழுந்தாலும் நம்புவாளா? மறைக்கிறவர்களும் அப்படித்தானே எழுதுவார்கள். அவரையே காட்டினால்தான் உண்டு. முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கி ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் டீச்சரிடமிருந்து செய்தி. "கருத்து எழுதின ஆக்களின்ர நேரத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமோ? ஏன் அழிச்சனீங்கள்? இனி ஒரு கிழமைக்கு நீங்கள் ஒண்டும் போடேலாது." வந்த ஆத்திரத்தில் நடந்ததையெல்லாம் எழுத்துப் பிழையோடு அப்படியே கொட்டினேன். இது என் அக்கா, பொட்டு இனிமேல்தான் வரும் என்று ஒரு வரி எழுத விட்டிருந்தால் இந்தக் கதி வருமா, ஒங்க சட்டத்த நீங்களே வச்சுக்கங்க என்று முடித்தேன். டீச்சர் படித்துவிட்டார் என்று மட்டும் காட்டியது.

வழியில் ஒரு கொழுந்து லொறி பழுதாகி வளைவில் நிற்க, பஸ்ஸும் நின்றுவிட்டது. பனி வேறு இறங்கியிருந்தது. டிரைவர் இறங்கிப் போய் லொறிக்காரரோடு சாவகாசமாகப் பேச ஆரம்பித்தார். நான் திரும்பத் திரும்ப அக்காவை எடுத்தேன். அணைந்தே கிடந்தது. சார்ஜ் தீர்ந்ததா, மேடம் பறித்துவிட்டாளா, இல்லை இறங்கியே விட்டாளா? இனி இந்த பஸ்ஸை நம்பிப் பிரயோசனமில்லை என்று இறங்கி ஓடினேன். செருப்பு அறுந்தது. அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினேன். எதிரே வந்த ஒருவர், "ஏம்மா, ஒங்க அக்கா புருஷன்..." என்று துக்கம் கேட்க ஆரம்பித்தார். "நல்லா இருக்காரு!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் ஒதுங்கிக்கொண்டார்.

வார்டில் அம்மா கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். மச்சானுக்கு ஒரு கண் மட்டும் கீற்றாகத் திறந்திருந்தது. "மச்சான், நீங்க செத்துட்டீங்கன்னு அக்கா நெனச்சுக்கிட்டு இருக்கா. வீட்ட விட்டு எறங்கப் போறேன்றா" என்றேன். பக்குவமாகச் சொல்லத் தெரியாத வாய். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மச்சான் எழுந்து உட்காரப் பார்த்து, முடியாமல் சாய்ந்தார்.

அக்காவுக்குக் கோல் எடுத்தேன், அணைந்திருந்தது. மறுபடி எடுத்தேன். மறுபடியும். பார்வை நேரம் முடிந்து ஆட்கள் கிளம்ப, தாதி மிஸ் வந்து எங்களையும் போகச் சொன்னார். அழுகையில் எனக்குத் தெரிந்த சிங்களமும் மறந்துவிட்டது. அக்கா, குவைத், போலீஸ் என்று மட்டும் சொன்னேன். அவர் மச்சானைப் பார்த்தார், என் வெறுங்காலைப் பார்த்தார். "இக்மனட்ட" என்றார். சீக்கிரம் முடி என்று அர்த்தம். எங்கள் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டுப் போனார்.

அடுத்த தடவை எடுத்தபோது மணி போனது.

எடுத்தது மேடம். முக்காட்டுக்குள் பயந்துபோன முகம். அரபியில் ஏதோ சொல்லிக்கொண்டே போனைத் திருப்பினாள். சமையலறைத் தரையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கட்டி வைத்த பை. ஒரு கை கழுத்தில் தாலியைப் பிடித்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியில் பொட்டில்லை. காலங்காலமாக வைத்த இடம் மட்டும் வெளிறிப்போய் வட்டமாகத் தெரிந்தது. நான் வரைந்த படமே உயிர் வந்து என்னைப் பார்ப்பது போலிருந்தது.

"அக்கா, மச்சான் உசுரோட இருக்காரு. இங்க பாரு." போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

அக்கா உற்றுப் பார்த்தாள். "இது யாரு?"

"மச்சான்தான்க்கா. குளவி கொட்டி வீங்கிருக்கு."

"எவனையோ படுக்க வச்சு எனக்கு நாடகம் காட்டுறீங்களா? என் புருஷன் மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

"சாமி சத்தியமா அவருதான்டி" என்றாள் அம்மா.

"மறைக்கிறவங்களுக்குச் சத்தியம் பண்ணவும் தெரியும்மா." பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கையைத் தரையில் ஊன்றினாள். எழுந்துவிடப் போகிறாள் என்று தெரிந்தது. மேடம் ஏதோ கத்தினாள், போன் ஆடியது.

மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்து போனைக் கிட்டே இழுத்தார். தடித்த உதட்டில் சொல் வரவில்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"கங்காணியம்மா... பெரட்டு கலையப் போகுது. இன்னுமா பொட்டு வச்சு முடியல?"

ஊன்றிய கை அப்படியே நின்றது. பிறகு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. "ஏங்க... ஏங்க..." என்பதைத் தவிர அவளுக்கு வேறு சொல் வரவில்லை. எதற்கென்று தெரியாமலே மேடமும் அழுதாள். நானும் அம்மாவும் கேட்கவே வேண்டாம்.

"நா இருக்கையிலயே அழிச்சிட்டியே புள்ள. மொதல்ல பொட்ட வையி" என்றார் மச்சான்.

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். அங்கே அவள் வைத்துக்கொண்டிருந்தது சின்ன ஸ்டிக்கர் பொட்டு, அதைக் கழற்றிக் குப்பையில் எறிந்துவிட்டாளாம். மேடத்தின் பிள்ளைகளுடைய சிவப்புக் கலர் பேனா ஒன்று கிடந்தது. அதை எடுத்து, கண்ணாடிகூட இல்லாமல், மச்சானையே பார்த்துக்கொண்டு நெற்றியில் வைத்தாள். அது நடுவில் விழவில்லை, ஒரு பக்கமாகத் தள்ளி, வட்டமும் இல்லாமல் கோணலாக விழுந்தது. துடைத்துத் துடைத்து வைக்கிறவள், அன்றைக்குத் துடைக்கவில்லை.

வெளியே வந்து பார்த்தபோது டீச்சரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்திருந்தது. "பிள்ளை, அக்கா கிடைச்சிட்டாவோ?" கிடைத்துவிட்டாள், சிவப்புப் பேனாவால் கோணலாகப் பொட்டும் வைத்துக்கொண்டாள் என்று எழுதினேன்.

மச்சான் தேறி வீட்டுக்கு வந்த பிறகு குழுவில் ஒரு புது விதி சேர்ந்தது. அது என் சண்டையில் வந்த விதி. 'வேலை நடக்கிறது' என்பதை இனிமேல் பதிவில் எழுதினால் போதாது, படத்தின் குறுக்கே, முகத்தின் மேலேயே எழுத வேண்டும், வெட்டினாலும் கூடவே போகிற மாதிரி. படம் அசிங்கமாகிறது என்று பலர் முணுமுணுத்தார்கள். டீச்சர் அசையவில்லை.

அந்த விதிப்படிதான் அக்கா படத்தின் கடைசிக் கட்டத்தைப் போட்டேன். நிறம் காய்ந்து, சிவப்பும் வைத்தாகிவிட்டது. சேலைக் கரையில் மட்டும் எனக்குச் சந்தேகம் இருந்தது, அதைத்தான் கேட்டேன். ஒருவரும் கரையைப் பார்க்கவில்லை. பொட்டு நடுவில் இல்லையே என்றார்கள். வட்டமே வரவில்லை, இவ்வளவு நன்றாக வரைந்துவிட்டு இதில் கோட்டை விட்டுவிட்டீர்களே என்றார்கள். ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி வைக்கலாம் என்று ஒருவர் அக்கறையாகச் சொல்லிக் கொடுத்தார். கதை சொல்லக் கூடாது என்பது விதி. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

கடைசியாக டீச்சர் வந்தார். "பொட்டை ஒருத்தரும் தொடாதேங்கோ, அது சரியாத்தான் இருக்கு. பிள்ளை கரையைப் பற்றித்தானே கேட்டவ, அதைச் சொல்லுங்கோ."

நான் சேலைக் கரையை மட்டும் திருத்தினேன்.